கப்பலுக்கு வந்த எழுத்தாளர்

பழமலைநாதன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். ஆனால் அதை முப்பது வருடமாக விடாமல் சொன்னார். பிரபல எழுத்தாளர் இனியவன் போர்க்கப்பலைப் பார்க்க வந்தபோது, ஏணியில் தடுமாறியவரைக் கைகொடுத்து ஏற்றிவிட்டது தான்தான் என்பதே அந்தப் பொய். கடற்படையில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்று விருத்தாசலம் வந்த நாள்முதல் டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் அதை அளந்தார். யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இப்போது வந்தது. ஊர் நூலகச் சுவரில் பதிக்க அந்தக் காட்சியையே படமாகக் கேட்டார்கள். வரைந்தவள் அவர் மனைவி அமிர்தம், பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவள். வேலை நேரம் போகப் பன்னிரண்டு டைல்ஸ் மேல் இருபது நாள் குனிந்தே கிடந்தாள், பாவம். கழுத்து பிடித்துக்கொண்டது.

சூளையில் அடுக்குகிற அன்று காலை அவரைக் கூட்டிப்போய்க் காட்டினாள். படத்தில் கடல் ரோஸ் நிறத்தில் இருந்தது.

“வெந்தாதாங்க நீலமாவும்,” என்றாள். “உங்க மொகத்தப் பாருங்க. சரியா வந்திருக்குதா?”

பார்த்தார். ஏணி உச்சியில் எழுத்தாளர். அவர் கையைப் பிடித்தபடி இளவயதுப் பழமலைநாதன். மீசையின் ஒரு பக்கம் லேசாக ஏறியிருப்பதைக்கூட அவள் விடவில்லை. இப்போது ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். வெந்துவிட்டால் பேரன் காலத்திலும் அழியாது. அவள் கையாலேயே அவருடைய பொய் சுவரேறப் போகிறது. சொல்லிவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

“அமிர்தம், அது நான் இல்ல.”

“ஏன், மூக்கு பெருசா போச்சா?”

“நான் மேல வரவே இல்ல. கீழ சமையக்கட்டுல இருந்தேன். அவர நான் கண்ணாலகூடப் பாக்கல.”

அமிர்தம் தூரிகையைக் கீழே வைத்தாள். கோபம் வந்தது, மறைக்கவில்லை. “எங்கிட்டயுமா பொய் சொன்னீங்க?”

“வெங்காயம் உரிச்சிட்டு இருந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துது.”

அவள் விரலில் ஒட்டிய வண்ணத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: “அன்னிக்கு அவரு சாப்ட்டாரா?”

“சாப்ட்டாரு. வஞ்சிர மீன் கொழம்பு. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாராம். தட்டு வழிச்ச மாதிரி வந்துது.”

“இத ஏங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல?”

“இதுல சொல்ல என்னா இருக்குது?”

அவள் அவரை முறைத்தாள். ஈரத் துணியை எடுத்து, இருபது நாள் வரைந்த புருஷனை ஏணியிலிருந்து மெதுவாகத் துடைத்தாள். எழுத்தாளரின் அந்தரத்தில் நின்ற கையில் ஒரு தட்டு வரைந்தாள். அதில் சோறு, குழம்பு, ஒரு துண்டு மீன்.

“ஏணியில நின்னுக்கிட்டா சாப்புடுவாரு?” என்றார்.

“சும்மா இருங்க.”

நூலகத்தில் படம் பதித்த அன்று டீக்கடைக் கொளஞ்சியப்பன் அதை மேலும் கீழும் தேடினார். “நீங்க எங்கண்ணே? காணுமே.”

“ஏணியில நான் இல்லப்பா. எல்லாம் பொய்,” என்றார் பழமலைநாதன். தட்டைத் தொட்டுக் காட்டினார். “அந்தக் கொழம்பு நான் வச்சது.”

கொளஞ்சியப்பன் வாயைத் திறப்பதற்குள் அமிர்தம் முந்திக்கொண்டாள்.

“ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினாரு,” என்றாள்.