எஞ்சினின் கீழ்ப்பாதி

பின்னால் மோட்டார் மாட்டியிருந்தும் ஒரு படகு துடுப்புப் போட்டு வந்தது. ஆற்றின் நடுவில் வரும்போதே அவன் அதைக் கவனித்தான். துடுப்பை அழுத்தும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்குகிற பழக்கத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் துணியில் கிரீஸைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான்.

படகுப் பட்டறையில் அவனுக்கு அரைவார்த்தை என்று பெயர். கேட்டதற்குப் பாதி பதில்தான் வரும். மீதியைக் கேட்டவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். படகில் வந்தவள் அவன் மனைவி. இரண்டு வருடமாக எதிர்க்கரையில் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. ஆற்றுவாயில் மணல் வாரும் கப்பலில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டு அவன் திரும்பி வந்தபோது, வீடு ஒரே ஆளுக்கான வீடாக மாறியிருந்தது. கூடத்தில் ஒரு நாற்காலி. அவளுக்குப் பசிக்கிற நேரத்துக்குச் சாப்பாடு. அவன் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான். அவளும் விருந்தாளிக்குச் செய்வது மாதிரியே செய்தாள். ஒரு மழைக்காலம் அப்படியே கழிந்தது. பிறகு ஒருநாள், அக்காவின் நாற்றுத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமாம், போய் இருக்கட்டுமா என்று கேட்டாள். "சரி" என்றான். அந்த ஒரு சொல்லை அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனதுக்குள் மென்று பார்த்துவிட்டான்.

மோட்டாரைக் கழற்றி மரத்தாங்கியில் மாட்டினான். கியரில் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, இரண்டு சந்தைக்குப் போகவில்லை, தொட்டிச் செடிகள் வாடுகின்றன என்று அவள் சொன்னாள். கீழே திருகைக் கழற்றியதும் எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி வெளுத்து ஒழுகியது. கூடவே இரும்புத் தூள். தண்ணீர் உள்ளே போய் கியர்ப் பற்களைத் தின்றுவிட்டது.

மோட்டார் கம்பெனி இந்த மாடலை நிறுத்தி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது; புது கியர் கிடைக்காது. ஆனால் பட்டறை மூலையில் இதன் ஜோடி இருந்தது. படகு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த மாமனார், இரண்டு பழைய மோட்டார்களில் ஒன்றை மகளுக்கும் இன்னொன்றை மருமகனுக்கும் கொடுத்திருந்தார். அவன் தன்னுடையதைத் தூக்கிவந்து பக்கத்தில் மாட்டினான். அவள் மோட்டாரின் மேல்பாதி நன்றாக இருந்தது. அவனுடையதில் ஒரு சிலிண்டர் கொஞ்சம் தளர்ச்சி, ஆனால் கியர் இருக்கும் கீழ்ப்பாதி புதுசு மாதிரி. அதைக் கழற்றி அவளுடையதில் மாட்டிவிடலாம் என்றான்.

"அப்ப உங்க மோட்டார்?" என்று கேட்டாள்.

"மேல்பாதி இருக்கும்."

"மேல்பாதிய வச்சு என்ன பண்ணுவீங்க? வேணாங்க. என்னோடத நீங்களே ஸ்பேருக்கு வச்சுக்கோங்க. நான் பயணிப் படகுல போய்க்கிறேன்."

"தொட்டியோட ஏத்த மாட்டாங்க" என்றான். ஸ்பேனரை எடுத்துத் தன் மோட்டாரின் பக்கம் திரும்பினான்.

அவனுடைய போல்ட்டுகள் லேசில் அசையவில்லை. எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மெல்லத் தட்டித் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. படகுக்காரரின் மகளான அவளுக்கு எந்த ஸ்பேனரை எப்போது நீட்டுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கீழ்ப்பாதியை அவளுடைய எஞ்சினில் பொருத்திப் பார்த்தபோது ஒரு விரல் இடைவெளி நின்றது. ஒரு வருட மாடல் வித்தியாசம்; உள்ளே நிற்கும் நீளத்தண்டு அவனுடையது உயரம். அவளுடைய கியர்ப் பெட்டியிலிருந்த குட்டைத் தண்டை உருவி, தன் கியர்ப் பெட்டியில் இறக்கி, தண்ணீர் ஏற்றும் ரப்பர் விசிறியையும் புதிதாகப் போட்டான். ஒருமுறை விசிறியைப் பிடித்திருந்த அவள் விரல்மேல் அவன் விரல் பட்டது. இரண்டு பேரும் எடுக்கவில்லை, வேலை அப்படி.

தண்ணீர் பீப்பாயில் இறக்கிக் கயிற்றை இழுத்ததும் பிடித்துக்கொண்டது. கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. அணைத்தபோது அவள், "இனிமே சாயங்காலம் எதுல வருவீங்க?" என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். பொழுது சாயும் நேரங்களில் எதிர்க்கரை நாணல்வரை போய்த் திரும்பிவருவது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தான்.

"உங்க மோட்டார் சத்தம் எனக்குத் தெரியாதா? நாணல் கிட்ட வந்து திரும்புவீங்க. அக்கா அதக் கேட்டுத்தான் எந்திரிச்சு விளக்கே போடுவா."

"தெரியும்னா..." என்று ஆரம்பித்தான். மீதிக்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை என்றதும் படகில் ஏறி உட்கார்ந்தாள். அவன் மோட்டாரின் பாதியோடு அந்தப் படகு ஆற்றைக் கடந்து போவதைக் கண் மறையும்வரை பார்த்தான்.

அதன்பிறகு சாயங்காலங்கள் அவனுக்கு இழுத்துக்கொண்டே போயின. கரையில் உட்காருவான், எழுந்திருப்பான். பட்டறைக்காரர்கள் சீட்டாடக் கூப்பிட்டார்கள். தப்பான சீட்டையே போட்டுத் தோற்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, சனத்தோடு சனமாகப் பயணிப் படகில் ஏறி அக்கா வீட்டில் போய் நின்றான்.

அவள் அக்கா வாசலிலேயே சிரித்தாள். "மாப்பிள்ளைக்கு ஒருவழியா நாணலத் தாண்ட வழி தெரிஞ்சிடுச்சு."

மனைவி தோட்டத்தில் நாற்றுகளைப் பிரித்துத் தொட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் குந்தித் தொட்டிகளில் மண் நிரப்பினான். மோட்டார் எப்படி ஓடுகிறது என்று கேட்டான். நன்றாக ஓடுகிறது என்றாள். வழியெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்த வாக்கியத்தை எடுத்தான்.

"நீ வந்து..."

"கூப்பிடாதீங்க" என்றாள், நாற்றிலிருந்து கண்ணை எடுக்காமல். "கூப்பிட்டா வந்துடுவேன். வந்தா பழையபடி நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீட்டுக்குள்ள ஆள வச்சுக்கிட்டே அந்த ஆளுக்கு ஏங்கறது என்னால முடியல."

கையிலிருந்த தொட்டியை நிரப்பி முடித்தான். பிறகு யாரும் கேட்காமலே சொன்னான்: "கப்பல்ல பேசவே முடியாது. அவ்வளவு சத்தம். எல்லாத்துக்கும் கையைத்தான் காட்டுவோம். வந்தப்புறமும் என்ன பேசறதுன்னு... நெனப்பு இல்லாம இல்ல. உன்ன நெனக்காத நாள் இல்ல."

அவள் கை நின்றது. மேலே சொல்லுங்கள் என்பதுபோல ஒரு காலித் தொட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் சொன்னான். தட்டுத்தடுமாறி, முன்னுக்குப் பின்னாக, கப்பலைப் பற்றி, மேல்தளத்தில் படுத்துக்கொண்டு அவள் முகத்தை நினைவில் கூட்டிப் பார்த்ததைப் பற்றி. சில இடங்களில் அவள் சிரித்தாள். ஒரு இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசிப் படகுக்கு மணி அடித்தார்கள். இருங்கள் என்று அவள் சொல்லவில்லை. "அடுத்த வாரமும் வாங்க" என்றாள்.

படகு கரையை விட்டு நகர்ந்ததும்தான் இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கலாமே என்று அவனுக்குத் தோன்றியது. அவள் படித்துறையில் நின்றுகொண்டிருந்தாள். படகைத் திருப்பச் சொல்லலாம் போலிருந்தது. சுற்றிலும் மூட்டையும் முடிச்சுமாக வீடு திரும்பும் ஆட்கள். படகுக்காரர் எதிர்க்கரையைப் பார்த்தபடி இருந்தார். அவன் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனான்.