பல்லுக்கு இரண்டு வால்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் பிறந்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு மழையிலும் ஆற்றங்கரையிலும் கதை வரும். எனக்குக் கன்னம் வீங்கி, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தபோது வந்தது. எதிர்ச் சுவரில் அக்காவும் தங்கையுமாக இரண்டு ஓவியர்கள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

முதல் வரிக்கு நிறையப் பாடுபட்டேன்.

"சுவர் ஒரு மௌனத்தைப் போல வெள்ளையாக (வேண்டாம். மௌனத்துக்கு யார் வெள்ளையடித்தது?)

"அக்காவின் விரல்களில் காலம் கசிந்து (கசிந்தது பெயின்ட்.)

விடுங்கள், நேராகச் சொல்கிறேன்.

2

அக்காவுக்குத் திட்டமில்லாமல் தலை வாரக்கூட வராது. சுவர் முழுக்கப் பென்சிலால் கட்டம் போட்டு, டாக்டர் சம்மதித்த மாதிரிப் படத்தைக் கட்டம் கட்டமாக ஏற்றிக்கொண்டிருந்தாள். பிரஷ் பிடித்துச் சிரிக்கிற ஒரு பல். ஊரில் உள்ள பாதி பல் மருத்துவமனைகளில் அவள் வரைந்த பல்தான் சிரிக்கிறது. கண்ணைக் கட்டிவிட்டாலும் வரைவாள். கண்ணைத் திறந்துகொண்டு வரைவதுதான் இப்போதெல்லாம் கஷ்டமாக இருந்தது. தங்கை ஏணி மேல் நின்று வானத்துக்கு நீலம் அடித்தாள்.

[இந்த இடத்தில் அக்காவுக்குத் தீராத நோய் ஒன்று தெரியவர வேண்டும் என்பது என் திட்டம். ஓவியர் கதையில் யாராவது இருமிக்கொண்டே செத்தால் வாசகர் கடிதம் வரும். அக்காவும் இருமினாள். பார்த்தால், பெயின்ட் வாடை.]

3

தங்கையின் முழங்கை பட்டு நீல டப்பா கவிழ்ந்தது. பல்லின் தலையில் கொட்டி, பாதிச் சிரிப்பை மூடி, கட்டத்தையெல்லாம் மதிக்காமல் கீழே வழிந்தது.

"போச்சு," என்றாள் அக்கா.

"துணி எடுக்கவா?"

"துடைச்சா இன்னும் பரவும். நீ ஒண்ணும் பண்ணாம இரு, போதும்."

தங்கை இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தாள். "கோவப்படாதேக்கா. பல்லைவிட இது நல்லா இருக்கு."

"வாயை மூடு."

"கால் மாதிரி ஒண்ணு இறங்குது பாரேன்."

வெள்ளையடித்து மறைக்கத்தான் அக்கா பிரஷை எடுத்தாள். அடித்துச் சொல்வேன், நேரில் பார்த்தவன். வழிந்த நீலத்தின் ஓரத்தில் வெள்ளையை வைத்தாள், அது முழங்காலாகிவிட்டது. ஒற்றைக் காலில் நிறுத்துவது பாவமென்று இன்னொரு கால் போட்டாள். கால் வந்தபின் உடம்பு வேண்டுமே. பல்லில் மிஞ்சியது கண்ணாயிற்று.*

என்ன வரப்போகிறதென்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாததால் அடுத்த கோட்டைப் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, தரையில் கிடந்த மாதிரிப் படத்தை மிதித்தபடி எட்டி வரைந்தாள்.

"வால் வேணுமாடி?"

தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா அதுவரை அவளிடம் கேட்டதெல்லாம் அளவு நாடாவைத்தான்.

"ரெண்டு வால்," என்றாள்.

"ரெண்டு எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியல."

"அப்போ சரி."

(* இங்கே "படைப்பு மனத்தின் ஆழ்நிலை" பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். எனக்கே புரியவில்லை. கிழித்துவிட்டேன்.)

4

டாக்டர் வெளியே வந்தார். சுவரைப் பார்த்தார்.

"நான் கேட்டது பல்லு."

தங்கை ஏணிக்குப் பின்னால் போய்விட்டாள். அக்கா பிரஷைக் கீழே வைக்கவில்லை.

"ஆமா டாக்டர். பல்லுதான் வரைஞ்சிட்டிருந்தோம்."

"இது என்னது?"

"முடிஞ்சாதான் தெரியும்."

"பிள்ளைங்க பயந்துடும்."

"உங்களைப் பார்த்துப் பயப்படுறதைவிடவா?" என்று அக்கா கேட்கவில்லை. நான்தான் கேட்க வைத்துப் பார்த்தேன், அவள் மறுத்துவிட்டாள். அவள் சொன்னது இதுதான்: "வேண்டாம்னா வெள்ளையடிச்சு அந்தப் பல்லையே போட்டுத் தர்றேன். அது தூக்கத்துல கூட வரும். ஆனா இதை முடிச்சுப் பார்க்கணும் டாக்டர். ரொம்ப நாளைக்கு அப்புறம் கை தானா ஓடுது."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. தங்கை ஏணிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அக்காவை ஒட்டி நின்றாள்.

டாக்டர் பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "உள்ள வாங்க," என்றார்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) டாக்டர் மனம் உருகுகிறார். (உருகுகிற ஆளில்லை. ஊசி போட்டபோதே தெரிந்துவிட்டது.)

ஆ) அக்கா வெள்ளையடிக்கிறாள்; ஆனால் நீலம் உள்ளிருந்து மெல்ல மெல்ல (அழகாக வருகிறது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வாய் நிறையப் பஞ்சு, நடுவில் இடுக்கி. டாக்டர் குனிந்து, "சீட்டுல எழுத்தாளர்னு போட்டிருக்கீங்க," என்றார். "நீங்க சொல்லுங்க. அது அப்படியே இருக்கட்டுமா, அழிக்கச் சொல்லவா?"

என் கருத்துக்கு முதல் முறையாக மதிப்பு வந்த நேரம். வெளியே ஏணிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆ," என்றேன்.

"நானும் அதான் நினைச்சேன்," என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்தார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அக்கா பிரஷோடு வாசலைப் பார்த்து நிற்கிறாள், அதில் நீலம் இன்னும் காயவில்லை. நீங்களே ஒரு பதிலைச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் வாயில் பஞ்சு இல்லையே.