மாப்பிள்ளை மங்கிய கதை

வானாய்வுக்கூடத்தில் லென்ஸ் துடைப்பது என் வேலை. என் மனைவியின் தம்பியை அங்கே தற்காலிக அளவையாளனாகச் சேர்த்துவிட்டதும் நான்தான். நட்சத்திரங்களின் பிரகாசத்தை அளந்து எழுதுவான். ஆண்டு முடிவில் அவனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். இல்லையென்றால் நான் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

எல்லா நட்சத்திரத்தையும் ஒரே ஒரு வெள்ளை நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுத்தான் அளப்போம். வெறும் கண்ணுக்கே பளிச்சென்று தெரியும். சூரியனைப் போல இரண்டு மடங்கு எடை, நாற்பது மடங்கு வெளிச்சம், பத்தாயிரம் டிகிரிச் சூடு. பதினாறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று தன்னைத்தானே சுற்றுகிற வேகத்தில் இடுப்பு பெருத்துப்போன ஆள். கூடத்தில் அதற்குப் பெயர் மாப்பிள்ளை. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. முதலில் மாப்பிள்ளையைப் பார்த்து, கருவியின் முள்ளைத் திருகிச் சுழியத்தில் நிறுத்த வேண்டும். பிறகுதான் மற்றவை.

ஒரு மாதமாக மற்ற நட்சத்திரங்களின் பிரகாசம் எல்லாம் கூடிக்கொண்டே போனது. இயக்குநருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "வானம் எவ்வளவு சுத்தமாயிடுச்சு பாருங்க!" என்று என் துடைப்புத் துணியைக்கூடப் பாராட்டினார்.

மச்சான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"சார், மத்ததெல்லாம் கூடல. மாப்பிள்ளைதான் குறையிறாரு. தினம் முள்ளைக் கூடுதலா திருக வேண்டியிருக்கு."

"மாப்பிள்ளை சுழியம்யா. சுழியம் எப்படிக் குறையும்? உன் கண்ணுதான் குறைஞ்சிருக்கு. திங்கட்கிழமை டாக்டர்கிட்ட காட்டு. கோளாறுன்னா வேலை கிடையாது."

மூன்று நாள் என் மனைவி என்னோடு பேசவில்லை, திட்டினாள். "நல்லா இருந்த பிள்ளையோட கண்ணை அந்தக் குழாய்க்குள்ள விட்டுக் கெடுத்துட்டீங்களே!"

டாக்டரின் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படித்துவிட்டு, அதற்கும் கீழே இருந்த அச்சகத்தின் பெயரையும் மச்சான் படித்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் கொடுத்தார். துள்ளிக் குதித்துக்கொண்டு இயக்குநரிடம் நீட்டினோம்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"கண்ணு கெட்டிருக்கக் கூடாதாப்பா?" என்றார், கெஞ்சுகிற குரலில்.

அன்று மாலை மூவரும் வெளியே நின்று பார்த்தோம். விருந்து முடிந்தும் யாரும் வழியனுப்பாத ஆள் மாதிரி மாப்பிள்ளை நின்றிருந்தார். பத்தே நாளில் அதுவும் இல்லை. பக்கத்துச் சிறு நட்சத்திரங்கள் எல்லாம் அப்படியே இருந்தன.

இயக்குநர் நடைமுறை தெரிந்தவர். வேறொரு வெள்ளை நட்சத்திரத்தைச் சுழியமாக்கச் சொன்னார். சில மாதங்களில் அதுவும் போயிற்று. மூன்றாவதாக இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரத்தை வைத்தோம். அதுவும் மங்கத் தொடங்கியபோது மச்சான் ஒரு தாளைக் காட்டினான். முதலாவது இருபத்தைந்து ஒளியாண்டு தூரம். இரண்டாவது பதினேழு. மூன்றாவது ஒன்பதுக்கும் குறைவு.

"வரிசையா கிட்ட வருது மாமா."

"வெள்ளையைத்தானே தேடுது? நம்ம சூரியன் மஞ்சளாச்சேடா," என்றேன், ஆறுதலாக.

"மஞ்சள் நம்ம காத்து பூசுறது மாமா. மேலே போய்ப் பார்த்தா அதுவும் வெள்ளைதான்."

இயக்குநர் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து, நாளையிலிருந்து காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்.

வீட்டில் ஒரே கொண்டாட்டம். "என் தம்பிக்குப் பகல் வேலை! இனி கண்ணு முழிக்க வேண்டாம்," என்று மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

நேற்று மத்தியானம் கொடியில் கிடந்த சேலையைத் தொட்டுப் பார்த்தாள். "காலையில போட்டது. இன்னும் சொதசொதன்னு இருக்கே?"

மேகம் என்றேன். மேகம் இல்லை.