மாடியில் நிற்பவன்

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். கற்றுக்கொள்பவர்கள் தடுமாறினால் மிதிப்பதற்கு அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதனால் மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை ‘ரெண்டாவது பிரேக்’ என்பார்கள். ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்தவளுக்கு, கட்டிய கணவர் மட்டும் தலைவலியாக வாய்த்திருந்தார்.

அவருக்கு மருந்துக் கிடங்கில் வேன் ஓட்டும் வேலை பேசி வைத்திருந்தது. வெள்ளிக்கிழமைத் தேர்வில் தேறினால் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு.

“மொதல்ல அண்ணன அந்தக் கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்ட விடச் சொல்லுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார் போனில். “நாள் பூரா சுட்டுத் தள்ளிட்டு ரோட்டுக்கு வந்தா, ஆள் மேலயே ஏத்திருவாரு.”

அவளும் அப்படித்தான் பயந்தாள். ஆனால் அவர் நத்தையாக ஊர்ந்தார். தெருமுனை வந்தால் போதும், வண்டியை நிறுத்தி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்த பிறகுதான் திருப்பினார். ஓரமாக நின்ற லாரியைத் தாண்டுவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“என்னங்க, லாரிக்குப் பின்னாடி அப்படி என்ன இருக்கு?”

“யாராவது பதுங்கியிருந்தா?”

“உங்கள யாருங்க பதுங்கியிருந்து புடிக்கப் போறா?”

சொல்லி வாய் மூடவில்லை, அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். அவள் தலை முன்னே போய் வந்தது.

“மாடியில ஒருத்தன் நிக்கிறான்!”

மாடியில் நின்றவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

“ரோட்டப் பாருங்கன்னா மாடியப் பாக்குறீங்க! அவர் கையில இருக்கிறது கிளிப்புங்க, கிளிப்பு!”

“தெரியுது. கால்தான் கேக்க மாட்டேங்குது. விளையாட்டுல எப்பவும் மேலேர்ந்துதான் சுடுவான்.”

அன்றே அவருடைய மடிக்கணினியைப் பிடுங்கி, தன் பயிற்சி அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தாள். மனுஷன் இப்படி நடுங்குகிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் திறந்தாள். கொஞ்ச தூரம் நடந்ததும் மேலேயிருந்து எவனோ சுட்டான், செத்தாள். மறுபடி நடந்தாள், மறுபடி செத்தாள்.

“எருமமாடே, எங்கேருந்துடா சுடுற?” என்று அவள் கத்திய கத்தலில், பயிற்சியில் சேர வந்த பெண் வாசலோடு திரும்பிப் போய்விட்டாள்.

அந்த ஒருவனை மட்டும் தீர்த்துக்கட்டிவிட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். அவன் தீரவில்லை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில், சாப்பாட்டு வேளையில் என்று அந்த வாரம் அப்படியே ஓடியது. இன்னொரு பக்கம், விளையாட்டில்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும், வியாழக்கிழமைக்குள் அவர் முனைகளில் வழுக்கிக்கொண்டு திரும்பப் பழகிவிட்டார்.

தேர்வின்போது பயிற்சியாளர் பின்சீட்டில் உட்காரலாம். பேசக் கூடாது; பேசினால் தேர்வு ரத்து. “வாயத் தொறந்தீங்க, டெஸ்ட் காலி,” என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவளே அவள்தான்.

வெள்ளிக்கிழமை அவர் அழகாக ஓட்டினார். லாரியைத் தாண்டினார். பக்கத்தில் இருந்த தேர்வாளர் இரண்டு முறை தலையசைத்தார். கடைசித் தெரு. மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து ஓர் ஆள் நீளக் குழாயோடு எழுந்தான்.

“மேல! மாடியில! குனிங்க!”

கத்தியவள் சீட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்திருந்தாள். கார் ஓர் அங்குலமும் விலகவில்லை. அவர் சிக்னல் போட்டு, ஓரங்கட்டி, கைபிரேக்கை இழுத்தார்.

தேர்வாளர் பேனாவை மூடினார். “சார் ஓட்டினதுல ஒரு குறையும் இல்ல. ஆனா டீச்சர், விதி உங்களுக்குத் தெரியாததா?”

திரும்பும்போது அவள் ஓட்டினாள்.

“விளையாட்டுல தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல நிப்பானே, அவனா?” என்றார் அவர்.

அவள் தலையசைத்தாள்.

“அவன நானும் கொல்லல.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கிடங்குக்கு யாரு போன் பண்றது?”

“நானே பண்றேன்.”

“பண்ணி? என்னன்னு சொல்லுவ?”

தெருமுனை வந்தது. அவள் வண்டியை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினாள். பின்னால் ஹாரன்கள் வசைபாடின.

“இருங்க,” என்றாள் எரிச்சலாக. “மொதல்ல இந்த முனையத் தாண்டிக்கிறேன்.”