பக்கவாட்டில் இரண்டு கண்கள்

"எது வேணும்னாலும் வாய்விட்டுக் கேக்கணும், சரியா?"

"எனக்கென்ன வேணும்? நான் பாத்துக்கறேன்."

"ஆமா, கை ஒடிஞ்சாக்கூட நீயே கட்டுப் போட்டுக்குவ."

ரயில் கிளம்பும் முன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கணவன் சொன்னது அது. அவள் சிரித்து மழுப்பினாள். கல்யாணத்துக்குப் பிறகு பொம்மைப் படம் செய்ய ஒரு படிப்பா, அதுவும் வெளியூரில் தங்கியா என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது அவளுக்காக மல்லுக்கு நின்றவன் அவன்தான். தனியாக இருக்க முடியவில்லை என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால், அத்தை சொன்னதே சரி என்று ஆகிவிடும்.

வகுப்பில் கொடுத்த பயிற்சி இது: ஏதாவது ஒரு பிராணியின் நடையைக் கவனித்து, அதன் முகமூடியைச் செய்து, மாட்டிக்கொண்டு நடந்து படம்பிடித்து வர வேண்டும். அந்தப் படத்தை வைத்துத்தான் அனிமேஷன் வரைய வேண்டும். மற்றவர்கள் நாய், பூனை என்று எடுத்துக்கொண்டார்கள். அவள் புறாவை எடுத்தாள். அவளுடைய வாடகை அறைக்கு வந்துபோகும் ஒரே உயிர் அதுதான். ஜன்னல் விளிம்பில் அது நடப்பதைக் கால் மரத்துப்போகும்வரை பார்த்தாள். தலை முதலில் முன்னால் போய் நிற்கும். உடம்பு பிறகு நிதானமாகப் போய்ச் சேரும். அதற்குள் தலை மறுபடி கிளம்பிவிடும்.

காகிதக்கூழில் முகமூடி அழகாக வந்தது. புறாவுக்கு இருப்பதுபோலவே கண்களைப் பக்கத்துக்கு ஒன்றாகத் துளைத்திருந்தாள். மாட்டிய பிறகுதான் தப்பு புரிந்தது. இரண்டு பக்கச் சுவரும் தெரிந்தன. எதிரே இருப்பது தெரியவில்லை. எடுத்த படத்தில் எல்லாம் பாதி நடையிலேயே சுவரில் போய் முட்டினாள்.

"அக்கா, உங்க புறா தண்ணி போட்டிருக்கா?" என்றான் உடன் படிப்பவன். வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள்.

அலகுக்குக் கீழே ஓட்டை போடு, இல்லையென்றால் யாரையாவது எதிரே நின்று வழி சொல்லச் சொல் என்றார் ஆசிரியை. ஓட்டை போட்டால் புறா மனுஷ முகமாகிவிடும். அதற்கு மனசு வரவில்லை. நான் வரட்டுமா என்று ஒருத்தி கேட்டபோது, நான் பாத்துக்கறேன் என்று நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

மறுநாள் வகுப்பில் படத்தைக் காட்டியாக வேண்டும். எல்லாரும் போன பிறகு, கல்லூரி நடைவழியில் கேமராவை நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்ப நடந்தாள். மறுபடியும் முட்டி நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கணவன் வீடியோவில் கூப்பிட்டான். நெற்றி ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டான். சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, போனை நடைவழியின் எதிர்க்கோடியில் சாய்த்து வைக்கச் சொன்னான்.

அவள் முகமூடியை மாட்டினாள்.

"இடது பக்கம் சாயாத. ம்... அப்படித்தான். நேரா வா."

தலை முன்னால் போய் நின்றது. உடம்பு போய்ச் சேர்ந்தது. சுவர்கள் இரண்டும் தள்ளியே வந்தன. குரல் மட்டும் நெருங்கிக்கொண்டே இருந்தது.

"வந்துட்ட, நில்லு. புறாவேதான்." பிறகு, தினமும் கேட்பதைக் கேட்டான். "வேற ஏதாவது வேணுமா?"

நான் பாத்துக்கறேன் என்பது உதடுவரை வந்தது. முகமூடிக்குள் அவளுடைய மூச்சு சூடாக முகத்தில் மோதியது.

"நீங்க வேணும்," என்றாள். "லீவு போட்டுட்டு வாங்களேன். என்னால தனியா இருக்க முடியலங்க."