கொத்ரோ நிலத்தில் ஒரு கல்

ஜனவரியில் கிழவர் தோனா சான்சூசி கண்ணை மூடினார். நிலம் பாறையாய் உறைந்து கிடந்ததால், ஊர் வழக்கப்படி அவர் பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துப் பிண அறையில் வைத்துப் பூட்டினார்கள். மே மாதம் மண் இளகியதும் புதைக்க வேண்டும். எங்கே புதைப்பது என்பதில்தான் வில்லங்கம்.

"கொத்ரோக்காரங்க பக்கத்துல என்னைப் போடு. நாமளும் அவங்கதான்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர். மகள் யூகெத் வாக்குக் கொடுத்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் கொத்ரோ குடும்பத்துக்கென்று இருந்த நிலம் ரேஜான் கொத்ரோவின் பொறுப்பில் இருந்தது. கோயில் நிர்வாகத்திலும் அவன் இருந்ததால், அவன் தலையாட்டாமல் அங்கே ஒரு குழி விழாது.

"உங்கப்பா நல்ல மனுஷன், யாரு இல்லேன்னா? ஆனா சான்சூசி சான்சூசிதான். இன்னிக்கு உன்னை விட்டா, நாளைக்கு செத்தவன் எல்லாம் எனக்குச் சித்தப்பான்னு வருவான்" என்றான் ரேஜான்.

"ஆதாரம் கொண்டுவந்தா?"

"கொண்டு வா, பாக்கலாம். மண்ணு இளகறதுக்குள்ள."

பிடித்தால் விடாத ரகம் யூகெத். மார்ச் முழுக்க ஊரே மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருக்க, அவள் பழைய பிறப்பு, கல்யாண ஏடுகளைத் தேடி அக்கம்பக்கத்துப் பங்குக் கோயில்களில் ஏறி இறங்கினாள். அப்பாவின் தாத்தா ஒனேசிம் சான்சூசி வரை வழி சுலபமாய்ப் போயிற்று. அதற்கு மேல் ஒன்றுமில்லை. அப்படி ஒரு பெயருக்கு ஞானஸ்நானமே நடக்கவில்லை. வானத்திலிருந்து குதித்தவர் போல நின்றார் ஒனேசிம்.

அழுகை வந்தது அவளுக்கு. பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. அந்தக் காலத்து ஆண்களுக்கு இரண்டு பெயர் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். குடும்பப் பெயர் ஒன்று, பட்டாளத்தில் யாரோ வைத்த பட்டப்பெயர் ஒன்று. அண்ணன் ஒன்றை வைத்துக்கொள்வான், தம்பி மற்றதை எடுத்துக்கொள்வான். அப்படிப்பட்டவர்களை நம்பியா பின்னால் ஓடினாள்? பெண்களோ யாரைக் கட்டினாலும் கோயில் ஏட்டில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பார்கள், செத்த பிறகும் அதே பெயர்தான்.

ஆண்களை விட்டுவிட்டு ஒனேசிமின் அம்மாவைத் தேடினாள். ஒனேசிமின் கல்யாணப் பதிவில் அப்பா ஒகுஸ்தேன் சான்சூசி, அம்மா அப்போலின் திவியெர்ஜ். அதே அம்மாவுக்கு இன்னொரு மகனும் இருந்தான். பெயர் இலேர், அவனுடைய அப்பா ஒகுஸ்தேன் கொத்ரோ. ஒரே பெண், ஒரே புருஷன். அந்த இலேர்தான் ரேஜானின் கொள்ளுத்தாத்தா.

இரண்டு மகன்களின் பதிவுகளையும் நகலெடுத்து ரேஜானின் சமையலறை மேஜையில் வைத்தாள். அவன் பட்டாணி சூப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தான். அம்மாவின் பெயரில் விரலை வைத்து நிறுத்தினான்.

"கோட்டைப் போட்டுக்க, வா" என்றான்.

கல்லறைத் தோட்டத்துச் சாமான் கொட்டகைக்குப் பின்னால், பழைய வேலிக்கட்டைகளோடு ஒரு கல் சாய்ந்து கிடந்தது. கீழ்ப்பாதி உடைந்திருந்தது. மேலே இருந்த பெயர் மட்டும் தெளிவாகத் தெரிந்தது: அப்போலின் திவியெர்ஜ்.

"எங்க நிலத்துக்குள்ள இருந்துச்சு. யாரோ திவியெர்ஜ் பொம்பள, நம்ம இடத்துல இவளுக்கு என்ன வேலைன்னு போன வருஷம் நான்தான் பிடுங்கினேன், யூகெத்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு கேட்க வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் அவன் குனிந்து, அந்தப் பெயரில் படிந்திருந்த மண்ணைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பிடுங்கின இடம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பாவுக்கு அதுக்குப் பக்கத்துல. குழியை நீதான் வெட்டணும், ஆள் வைக்கக் கூடாது."

மே மாதம் மண் இளகியது. ரேஜான் அப்போலினின் கல்லை முதலில் நட்டான். அது அசையாமல் நின்ற பிறகுதான் தோனாவுக்குக் குழி வெட்டத் தொடங்கினான்.