கம்பி எட்டவில்லை

"ஐநூத்தி எம்பத்தாறு," என்றார் என் வீட்டுக்காரர்.

பெஞ்சின் மறுமுனையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த நான், "நல்லாப் பாத்துச் சொல்லுங்க," என்றேன்.

"பாத்துத்தான் சொல்றேன். எழுது."

எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சைக்கிள் கடையின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. ரிம்மில் எதிரெதிரே இருக்கும் இரண்டு ஓட்டைகளில் நிப்பிளை மாட்டி, ஒன்றின் தலையிலிருந்து மற்றதன் தலைவரை டேப்பை இழுத்துக் குறுக்களவு எடுப்பார். ஆரக்கம்பியின் முனை கடைசியில் போய் மரையில் ஏறவேண்டிய இடம் அந்த நிப்பிள்தான். அளவு அவர், கணக்கு நான். கல்யாணமான புதிதில் வந்த ஏற்பாடு இது. நான் டேப்பைத் தொட்டால் அவருக்குப் பிடிக்காது. அவர் பென்சிலைத் தொட்டால் கணக்குக்கே பிடிக்காது. ஊரார் சைக்கிளுக்கெல்லாம் இப்படித்தான் வீல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்று கட்டுவது எங்கள் சொந்த சைக்கிளின் பின்வீல்.

போன வாரம் எங்கள் மகள் குட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர், சந்து முனையில் நின்றிருந்த தள்ளுவண்டியில் கொண்டுபோய் மோதினார். நின்றிருந்த வண்டி! ஓடுகிற வண்டி குறுக்கே வந்தது என்றால்கூட ஒரு பேச்சு. குட்டிக்கு முட்டி உரிந்தது. சரிந்து விழுந்ததில் பின்வீல் தள்ளுவண்டிக்கு அடியில் மாட்டி, ஆளைச் சுமக்க லாயக்கில்லாமல் நெளிந்துபோனது. "அங்க எவன் வண்டிய நிறுத்தச் சொன்னான்?" என்று அன்று முழுக்க அந்த வண்டிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துதான் திட்டினேன். ஆனால் அந்த வண்டி அதே இடத்தில் வருஷக்கணக்காக நிற்கிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றையிலிருந்து குட்டியை நான் நடத்திக் கூட்டிப்போகிறேன். வீல் தயாரானால் நாளைக்கு மறுபடி அவர்தான். "கண்ணைக் காட்டிட்டு வாங்களேன்," என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "என் கண்ணுக்கு என்ன கேடு?" என்று விழுந்து பிடுங்கினார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. திறக்காததெல்லாம் உள்ளே கிடந்து புரண்டது. உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

கணக்கில் உட்கார்ந்தேன். நடு ஹப் பழையதுதான், அதன் அளவு இருவருக்கும் மனப்பாடம். ரிம்தான் புதிது, அடி ஆழமான ரகம், நாங்கள் இதுவரை கட்டாதது. ரிம் அளவில் பாதி, கம்பி மாட்டும் ஹப்பின் காதில் பாதி, கம்பி எத்தனை கம்பியைத் தாண்டிப் பின்னிப் போகிறது என்பதற்கு ஒரு கழிவு, காது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு ஒரு கூட்டல். பற்சக்கரம் இருக்கும் வலது பக்கம் கம்பி ஒரு நூல் குட்டையாக வரவேண்டும், வந்தது. "கூட வெட்டினா குறைச்சுக்கலாம், குறைச்சு வெட்டினா ஒட்ட வைக்க முடியாது," என்று என் வாய் தானாகச் சொன்னது. ஒவ்வொரு வீலுக்கும் சொல்வதுதான். "ஆமா, நீ ஒருத்தி," என்றபடி அவர் கைமிஷினில் கம்பிகளை வெட்டி மரை போட ஆரம்பித்தார்.

வீல் பின்னும்போது அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். விரலே ஓட்டையைத் தேடிப் போகும், விரலே கம்பியை வளைத்து அடுத்ததின் அடியில் நுழைக்கும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், ஒரு தடவைகூட அவர் வீலைக் குனிந்து பார்க்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. கடைசிச் சுற்றுக்கு வந்தார். கம்பியை இழுத்தார். நிப்பிள் வரை போகவில்லை. அடுத்ததை இழுத்தார், அதுவும் எட்டவில்லை. ரிம்மை முழங்காலால் அமுக்கிக்கொண்டு பல்லைக் கடித்து இழுத்தும் பார்த்துவிட்டார்.

"கணக்குத் தப்பு," என்றார்.

"என் கணக்கா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரி கணக்கா? காலையிலேர்ந்து ஒரு இடத்துல உக்காரல நீ. புத்தி எங்க இருந்துச்சோ."

மறுபடி போட்டேன். அதே விடை. கீழிருந்து மேலாகப் போட்டேன். அதே விடைதான். "கணக்கு சரியாத்தான் இருக்கு," என்றேன். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்துபோய் பெஞ்சின் மேல் கிடந்த டேப்பை எடுத்தேன். "அத வை," என்றார். வைக்கவில்லை. பின்னியதையெல்லாம் தளர்த்தி ரிம்மைத் தனியாக எடுத்து, நிப்பிளை மாட்டி, நானே இழுத்துப் பிடித்தேன்.

ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

குறுக்கே பத்து மில்லி குறைத்துச் சொல்லியிருக்கிறார். கம்பிக்குக் கம்பி ஐந்து மில்லி குட்டை. நான்தான் ஜெயித்தேன். ஆனால் எட்டையும் ஒன்பதையும் மாற்றிப் படிக்கிற ஆளா இவர்? மயிரிழைக் கோட்டத்தை எதிர்ச்சாரியில் நின்று கண்டுபிடிக்கிற மனுஷன். டேப்பை அப்படியே பிடித்துக்கொண்டு, "இத ஒரு தடவ படிங்க," என்றேன்.

வந்தார். குனிந்தார். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் பார்த்தார். கட்டை விரல் நகத்தால் கோடுகளைத் தடவினார். பிறகு நிமிர்ந்து, "நீயே சொல்லு," என்றார்.

"எத்தன நாளா?"

"நேரா பாக்குறது மறையுது. ஓரத்துல இருக்கறதெல்லாம் நல்லாத் தெரியுது. உன் மூஞ்சியப் பாத்தா காதுதான் தெரியுது." சிரிக்கப் பார்த்தார். "தோடு மாத்தியிருக்கே."

"மாத்தி ரெண்டு மாசமாச்சு. கிண்டல் ஒரு கேடு. டாக்டர்கிட்ட போறதுக்கு என்ன?"

"போனா சைக்கிள் எடுக்காதேம்பான்."

"எடுக்கத்தான் கூடாது! பின்னாடி பிள்ளைய உக்கார வச்சிக்கிட்டு…" எனக்கு அழுகை முட்டியது. "இன்னொரு தடவ அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எட்டாமல் போன கம்பி ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். "ஸ்கூல் வாசல்ல இறங்கினதும் என் முதுகுல ஒரு குத்து விட்டுட்டுத்தான் உள்ள ஓடுவா," என்றார். "ஒரு வாரமா அது இல்ல. என்னவோ மாதிரி இருக்கு, இவளே." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, டேப்பைத் தூக்கி எறியவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பென்சிலை எடுத்துப் புது அளவுக்குக் கணக்குப் போட்டேன்.

புதுக் கம்பிகளுக்கு அளவை நானே மிஷினில் வைத்தேன், அவர் கைப்பிடியைச் சுற்றினார். இந்த முறை எல்லாக் கம்பியும் போய்ச் சேர்ந்தது. கோட்டம் எடுக்கும்போது விரல்நுனியை ரிம்மின் ஓரத்தில் வைத்துக்கொண்டு வீலைச் சுழற்றினார். விரலில் உரசிய இடத்தில் நிறுத்தி, கால் சுற்று, அரைச் சுற்று என்று நிப்பிளைத் திருகினார். கடைசியில் வீல் ஆடாமல் அசையாமல் சுழன்றது. சைக்கிளில் மாட்டி, சங்கிலியைப் பூட்டி, டியூபுக்குக் காற்றடித்து முடித்தார். வாய்விட்டுப் பாராட்டியிருப்பேன், வேறொரு நாளாக இருந்தால்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குட்டி ஓடிவந்தாள். "ரெடியாயிடுச்சா? அப்பா, ஒரு ரவுண்டு! ஒரே ஒரு ரவுண்டுப்பா!" கேட்டு முடிப்பதற்குள் கேரியரில் தாவி ஏறிவிட்டாள். முட்டியில் பொருக்கு இன்னும் உதிரவில்லை. அவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் காதைத்தான் பார்த்தாரோ என்னவோ.

"தள்ளிக்கிட்டுப் போங்க," என்றேன். "ஏறாதீங்க. சொல்லிட்டேன்."

அவர் ஷட்டருக்கு அடியில் குனிந்து சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு போனார். நான் வாசலுக்கு வந்து நின்றேன். ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சீட்டையும் பிடித்தபடி சந்தில் நடந்தார். குட்டி கால்களை ஆட்டிக்கொண்டு ஏதோ கதை அளந்துகொண்டிருந்தாள். பாதிச் சந்தில், "ஏறி ஓட்டுப்பா," என்று அவள் சொல்வது கேட்டது. கூப்பிடலாமா? கூப்பிட்டால், குட்டிக்கு முன்னால் அவரை நிறுத்தியதாகிவிடும். செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் பின்னாலேயே போனேன்.

சந்து முடிந்து பெரிய ரோடு தொடங்கும் இடத்தில் அவர் நின்றார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை ரோடு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை காலியாகக் கிடந்தது. ஒரு ஆட்டோகூட இல்லை.

"ஒண்ணும் வரலப்பா," என்றாள் குட்டி. "போப்பா."

அவர் இரண்டு கைகளாலும் சைக்கிளை இறுக்கிப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.